டோட்டல் லாஸ் ஆகி மீண்டும் ஓடும் காருக்குக் கம்பெனி வாரண்டி உண்டா?

கேள்வியின் சாரம் இது. கோயம்புத்தூர் நண்பர் ஒருவர், 2022 ஜூலையில் சென்னையில் பதிவான ஒரு பெட்ரோல் எஸ்.யூ.வி.யை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அந்த வண்டி மூழ்கியது. காப்பீட்டு நிறுவனம் அதை டோட்டல் லாஸ் (முழு நட்டம்) எனத் தீர்மானித்து உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. ஏலத்தில் எடுத்தவர் தனியார் பட்டறையில் பழுது பார்த்து, சந்தை விலையைவிட இரண்டேகால் லட்சம் குறைத்து விற்கிறார். “ஐந்து வருட வாரண்டி 2027 ஜூலை வரை இருக்கிறது, சர்வீஸ் சென்டரிலேயே கேட்டுப் பாருங்கள்” என்கிறார் அவர். நண்பரும் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். கணினித் திரையில் வாரண்டி ‘ஆக்டிவ்’ என்றே வந்திருக்கிறது. இதை நம்பி வாங்கலாமா என்பதே கேள்வி.

வண்டியை வாங்குவதும் விடுவதும் அவர் விருப்பம். ஆனால் அந்த வாரண்டியை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது என்பது என் பதில். கார் நிறுவனம் ஒன்றின் சர்வீஸ் சென்டரில், பாடி ஷாப்பில் விபத்து வண்டிகளுக்கும் வெள்ள வண்டிகளுக்கும் எஸ்டிமேட் போடும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ஆக்டிவ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். சர்வீஸ் சென்டரின் கணினிக்குத் தெரிந்தவை மூன்றே விஷயங்கள்: வண்டி விற்பனையான தேதி, கடைசியாக வந்தபோது ஓடியிருந்த கிலோமீட்டர், காசு கொடுத்து நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கப்பட்டிருக்கிறதா என்பது. இந்த மூன்றையும் கூட்டிக் கழித்துத்தான் அது ‘ஆக்டிவ்’ என்றோ ‘எக்ஸ்பயர்ட்’ என்றோ காட்டுகிறது. வண்டி இடையில் தண்ணீரில் கிடந்ததையோ, வேறொரு பட்டறையில் கழற்றி மாட்டப்பட்டதையோ யாராவது பதிவு செய்திருந்தால் ஒழிய அது அறியாது. வாரண்டி உண்டா இல்லையா என்ற உண்மையான முடிவு, பழுதாகி வண்டியை உள்ளே கொண்டுவந்து, பாகத்தைக் கழற்றி, படம் எடுத்து, கம்பெனிக்கு க்ளெய்ம் அனுப்பும் நாளில்தான் எடுக்கப்படுகிறது. அன்றைக்கு அந்தப் பாகத்தின் கனெக்டரில் ஈரத்தால் பச்சை பூத்திருப்பது படத்தில் தெரிந்தால், திரையில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை.

அடுத்து, டோட்டல் லாஸ் என்றால் என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பலர் நினைப்பதுபோல அது வண்டியின் உடல்நிலையைப் பற்றிய சான்றிதழ் அல்ல. அது ஒரு கணக்கு. நம் நாட்டு மோட்டார் பாலிசியில், வண்டியை மீட்டுப் பழுது பார்க்க ஆகும் மொத்தச் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’, அதாவது முழு நட்டத்துக்குச் சமமாகக் கொள்ளலாம். இவருடைய வண்டியைப் போன்ற ஒன்றின் ஷோரூம் விலை 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டுக்குள் இருக்கும் வண்டிக்கு 20 சதவீதத் தேய்மானம் கழிப்பது வழக்கம் என்பதால் ஐ.டி.வி. 9,60,000 ரூபாய் ஆகும். அதில் 75 சதவீதம் 7,20,000. எஸ்டிமேட் அதைத் தாண்டிவிட்டால் வண்டி வெளிப்பார்வைக்குப் புதிதுபோலப் பளபளத்தாலும் டோட்டல் லாஸ்தான்.

வெள்ளத்தில் இந்தத் தொகையை எட்டுவது எளிது. தண்ணீர் தரை விரிப்பு வரை வந்ததா, சீட் வரை வந்ததா, டேஷ்போர்டு வரை வந்ததா என்று பார்ப்பதே சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயரின் முதல் வேலை. ஏர்பேக்கை இயக்கும் கண்ட்ரோல் யூனிட் பெரும்பாலான கார்களில் கியர் லீவருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கும். சீட் வரை தண்ணீர் வந்தால் அது நிச்சயம் நனைந்திருக்கும். அதோடு தரையில் ஓடும் வயரிங் ஹார்னஸ் எனப்படும் மின்கம்பிக் கட்டு, சீட் மோட்டார்கள், மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர்கள் ஆகியவை போகும். டேஷ்போர்டு வரை வந்திருந்தால் மியூசிக் சிஸ்டம், மீட்டர், ஏ.சி. ப்ளோயர், பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பட்டியல் நீளும். தண்ணீருக்குள் யாராவது இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால், அமுங்காத தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் போய் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். இத்தனையையும் புதிதாக மாற்றுவதற்கு கம்பெனி உதிரிபாக விலை, கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துப் போட்டால் ஏழு லட்சம் என்பது பெரிய தொகையே அல்ல.

இங்கேதான் நண்பர் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. முறையாகச் சரிசெய்ய ஏழு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எழுதப்பட்ட வண்டியை ஒருவர் ஏலத்தில் எடுத்து, சரிசெய்து, சந்தை விலையைவிட இரண்டேகால் லட்சம் குறைவாக விற்று, அதிலும் லாபம் பார்க்கிறார் என்றால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? சால்வேஜ் விலை, அதாவது சேதமான வண்டியின் ஏல விலை, குறைவாக இருப்பது ஒரு பங்கு. மீதியெல்லாம், எஸ்டிமேட்டில் ‘மாற்று’ என்று எழுதியிருந்த பாகங்களை மாற்றாமல், கழற்றிக் கழுவி, ஹீட்டரில் உலர்த்தி, ஸ்ப்ரே அடித்துத் திரும்ப மாட்டியதில் வருகிறது. சில பாகங்கள் வேறு உடைந்த வண்டியிலிருந்து வந்திருக்கும். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. திறமையான எலக்ட்ரீஷியன்கள் அப்படிச் சரிசெய்த வண்டிகள் ஆண்டுக்கணக்கில் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டியை மலிவாக்கிய அதே வேலைதான் அதன் வாரண்டியையும் முடித்து வைத்தது. விலைக் குறைப்பும் கம்பெனி வாரண்டியும் ஒரே வண்டியில் சேர்ந்து கிடைக்காது.

ஏனென்றால், வாரண்டி என்பது கம்பெனி தன் தயாரிப்புக் குறைக்கும் மூலப்பொருள் குறைக்கும் மட்டும் கொடுக்கும் வாக்கு. விபத்து, வெள்ளம், தீ போன்றவற்றால் வந்த சேதம், அங்கீகாரம் இல்லாத பட்டறையில் செய்த வேலையின் விளைவு, கம்பெனியுடையது அல்லாத பாகங்கள் ஆகியவை அதில் சேராது என்று வாரண்டி கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். வண்டியோடு வரும் அந்தச் சின்னப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. வாங்கும் முன் ஒருமுறை படியுங்கள். ‘இந்த வாரண்டி எவற்றுக்குப் பொருந்தாது’ என்ற பகுதி பெரும்பாலும் பொருந்தும் பகுதியைவிட நீளமாக இருக்கும்.

அமெரிக்காவில் இதை இன்னும் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார்கள். அங்கே டோட்டல் லாஸ் ஆன வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே பெரும்பாலும் ‘சால்வேஜ்’ என்ற முத்திரை விழும். டொயோட்டா, ஹோண்டா போன்றவற்றின் அமெரிக்க வாரண்டி கையேடுகள், காப்பீட்டு நிறுவனம் டோட்டல் லாஸ் என்று அறிவித்த வண்டிக்கு வாரண்டியே கிடையாது என்று சொல்கின்றன. எந்தப் பாகம், எதனால் பழுது என்ற விசாரணைக்கே அங்கு இடமில்லை. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று நான்கு வகைகளாகப் பிரித்துப் பதிவு செய்கிறார்கள். அதில் எஸ், என் ஆகிய இரண்டு வகைகளை மட்டுமே சரிசெய்து மீண்டும் சாலையில் ஓட்டலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2011இல் இத்தகைய வண்டிகளை மறுபதிவு செய்வதையே சில விதிவிலக்குகளோடு நிறுத்திவிட்டது.

நம் ஊரில் ஆர்.சி.யில் அப்படி எந்த முத்திரையும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வண்டி அழிந்துபோனாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்தாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது இயன்ற விரைவில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் செலவுக் கணக்கால் மட்டும் டோட்டல் லாஸ் ஆன, சரிசெய்யக்கூடிய வண்டி ‘நிரந்தரமாகப் பயன்படாதது’ என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்குவதில்லை. அதனால் ஆர்.சி. உயிரோடு ஏலத்துக்குப் போகிறது. ஏலச் சந்தையில் ஆர்.சி.யோடு வரும் வண்டிக்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து இப்படிப் போன வண்டிகள் எத்தனையோ. அவற்றை வாங்கியவர்களில் பலருக்கு அது வெள்ள வண்டி என்பதே தெரியாது. நண்பருக்கு விற்பவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்பதற்காக அவரை ஓரளவு பாராட்ட வேண்டும். வாரண்டி விஷயத்தில் மட்டும் அவர் தனக்கு வசதியானதைச் சொல்கிறார், அல்லது அவரே அப்படி நம்புகிறார்.

எங்களிடம் வந்த ஒரு வண்டியைச் சொன்னால் விளங்கும். மூன்று வயது ஆன செடான், இரண்டாம் உரிமையாளர். ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங் திடீரென்று கனத்துவிடுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்பது புகார். மின்சார பவர் ஸ்டியரிங் என்பதால் அது முழு யூனிட்டாக மாற்ற வேண்டிய, விலை உயர்ந்த பாகம். வாரண்டி ‘ஆக்டிவ்’ என்றே ஜாப் கார்டில் எழுதி வண்டியை உள்ளே எடுத்தோம். ஓட்டுநர் பக்கத் தரை விரிப்பைத் தூக்கியதும் அடியில் இருந்த பஞ்சு காய்ந்து கட்டியாகி, விரலால் தேய்த்தால் மாவுபோல மண் உதிர்ந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தோம். சாதாரணமாக உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஓரடி நீளத்தில் பழுப்பு நிறக் கோடு. அவர் வாங்கும்போது அந்தப் பகுதியை யாரும் இழுத்துக் காட்டவில்லை. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அன்று முதல் அந்த வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு எதிரே ‘வெள்ள பாதிப்பு’ என்ற குறிப்பும் ஏறிவிட்டது. அதன்பின் திரை ‘ஆக்டிவ்’ என்று காட்டவில்லை.

நியாயமாகப் பார்த்தால், வெள்ளத்துக்கும் பழுதுக்கும் தொடர்பே இல்லாத இடத்தில் வாரண்டியை மறுப்பது சரியா என்று கேட்கலாம். பின் கதவில் மோதி டோட்டல் லாஸ் ஆகி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே கம்பெனி பாகங்களோடு சரிசெய்யப்பட்ட வண்டியில், முன்னால் இருக்கும் ஏ.சி. கம்ப்ரசர் பழுதானால் அது தயாரிப்புக் குறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கையேட்டில் டோட்டல் லாஸ் வண்டிக்கு வாரண்டியே இல்லை என்ற வாசகம் இல்லாவிட்டால் அந்த க்ளெய்மைப் போராடிப் பெறலாம், பெற்றவர்களும் உண்டு. ஆக, மோதலில் டோட்டல் லாஸ் ஆன வண்டியையும் வெள்ளத்தில் ஆன வண்டியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. மோதலின் சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீருக்கு அது கிடையாது. செம்புக் கம்பிக்குள் ஏறிய ஈரம் ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும், எதிர்பாராத இடத்தில் வேலையைக் காட்டும். நண்பருடையது இரண்டாவது வகை என்பதால் என் பதில் இவ்வளவு கறாராக இருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றும் அவர் கேட்டிருக்கிறார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழான விதிகள் ஆகியவற்றின்படி, 50 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் பொருளில் குறை இருப்பதைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய இயலாதபோது, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு வழி செய்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகத்தை ஆய்வுக்கு அனுப்பினால் அறிக்கை யாருக்குச் சாதகமாக வரும் என்பதை ஊகிக்கலாம். விற்பவர்மீது போகலாம் என்றால், பொய்யான உறுதியால் பெற்ற சம்மதத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ரத்து செய்ய அனுமதிக்கிறது. ஆனால் சாதாரண முயற்சியிலேயே உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், தவறான தகவலைக் காட்டி ரத்து கேட்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நண்பருக்கோ இது டோட்டல் லாஸ் வண்டி என்பது இப்போதே தெரியும். தெரிந்தே வாங்கியவர் பிறகு ஏமாந்தேன் என்று சொல்வது கடினம்.

ஆகையால் செய்ய வேண்டியதைப் பணம் கொடுக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. சர்வீஸ் சென்டரின் கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்பதை விட்டு, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 17 எழுத்துள்ள சேசிஸ் எண்ணைக் குறிப்பிட்டு, “இந்த வண்டி 2023 டிசம்பரில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டு, காப்பீட்டு நிறுவனத்தால் டோட்டல் லாஸ் எனத் தீர்க்கப்பட்டு, அங்கீகரிக்கப்படாத பட்டறையில் பழுது பார்க்கப்பட்டது. இதை அறிந்த நிலையில், எஞ்சிய வாரண்டியையும் எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் நீங்கள் ஏற்பீர்களா? ஏற்பீர்களானால் எந்தெந்தப் பாகங்களுக்கு?” என்று அப்படியே எழுதுங்கள். நடந்ததை மறைத்துக் கேட்டுப் பெற்ற ‘ஆம்’ பின்னாளில் உதவாது. சொல்லிக் கேட்டுப் பெற்ற ‘ஆம்’ மட்டுமே கையில் நிற்கும். பதில் வராமல் போகலாம், அல்லது மழுப்பலாக வரலாம். இரண்டையும் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தொடக்க வாரண்டி பெரும்பாலும் வண்டியோடு அடுத்த உரிமையாளருக்குப் போகும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய நீட்டிப்பைப் பல நிறுவனங்களில் பெயர் மாற்றினால்தான் பயன்படுத்த முடியும், அதற்கு வண்டியைப் பரிசோதனைக்கும் கேட்பார்கள். நண்பர் பார்க்கும் வண்டிக்கு மூன்று வருடத் தொடக்க வாரண்டி என்றால் அது 2025 ஜூலையோடு முடிந்திருக்கும். விற்பவர் சொல்லும் 2027 என்பது நீட்டிப்புதான். அந்த நீட்டிப்பு இடையில் கைமாறிய ஏலக்காரர் பெயருக்காவது மாறியதா என்று கேளுங்கள். மின்சார கார் வாங்க நினைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். ஆனால் பேட்டரியின் நீர்த்தடுப்புத் தரமான ஐ.பி. 67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனை மட்டுமே. சென்னை வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வண்டிகள் நாள்கணக்கில் நின்றன.

டோட்டல் லாஸாலும் தொலையாத ஓர் உரிமை உண்டு, அது ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்வது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110ஏ பிரிவின்படி அரசு கட்டாயமாக வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லலாம். நிறுவனங்கள் தாமாகவும் செய்கின்றன. அது சேசிஸ் எண்ணைப் பார்த்து நடப்பது. உரிமையாளர் யார், வாரண்டி உண்டா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த வண்டிக்கு நிலுவையில் ஏதேனும் ரீகால் இருக்கிறதா என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். அதேபோல், நாளைக்கு நீங்களே சர்வீஸ் சென்டரில் காசு கொடுத்து மாற்றும் கம்பெனி பாகத்துக்கு அந்தப் பாகத்துக்கான தனி உத்தரவாதம், ரசீதில் உள்ள விதிகளின்படி கிடைக்கும். அது பழைய வாரண்டியின் தொடர்ச்சி அல்ல, புதியது.

பேரத்துக்கு வருவோம். இரண்டேகால் லட்சம் குறைவு என்பது, வாரண்டி உள்ள, மூழ்காத வண்டியோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு. வாரண்டியைப் பூஜ்ஜியமாக்கி, ஏர்பேக் யூனிட்டும் தரை ஹார்னஸும் புதிதாக மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டையும் மாற்ற ஆகும் தொகையை சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கி, விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். எனக்கு ஸ்டியரிங் கனத்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். மோதும் வினாடியில் ஏர்பேக் திறக்குமா என்ற சந்தேகத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் சாலையில் போக மனம் வராது. அந்தக் கழிவுக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஒத்துக்கொண்டால், முன்பணம் கொடுக்கும் முன் பகல் வெளிச்சத்தில் ஒரு டார்ச்சோடு போய் நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். புதிய பெல்ட் மாட்டியிருந்தால் அதன் அடிப்பகுதி லேபிளில் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் படித்துக்கொள்ளுங்கள். 2022 வண்டியில் 2024 பெல்ட் இருந்தால் அந்தப் பட்டறைக்காரர் பாதுகாப்புப் பாகத்துக்குக் காசு செலவழித்திருக்கிறார் என்று பொருள், பழைய பெல்ட்டையே சோப்பு போட்டுத் துவைத்திருந்தால் மற்ற பாகங்களையும் அவர் எப்படி நடத்தியிருப்பார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.